பெரியவர்களிடம் வீடு வாங்குவதும், பெரியவர்கள் குடியிருக்கும் வீட்டை வாங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஸ்ரீரங்கம், மதுரை மாசி வீதிகள் என்று பழைய வீடோ மனையோ முதலீட்டுக்குத் தேடிப் போனால், எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்குப் பெரும்பாலும் எழுபது தாண்டியிருக்கும். சில இடங்களில் உரிமையாளர் பெரியவர், சில இடங்களில் குடியிருப்பவர் பெரியவர், இரண்டு பேருமே பெரியவர்களாக இருப்பதும் உண்டு. இந்த மாதிரி வாங்கல்களைப் பற்றி முதலீட்டாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டுக்கானவை. வாரிசுரிமை பற்றிச் சொல்வது இந்துக்களுக்கு. முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கே வேறு. பணம் கைமாறுவதற்கு முன் உங்கள் வக்கீல் ஒருமுறை எல்லாப் பத்திரங்களையும் பார்த்தாக வேண்டும்.

பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது. விலை பேசுவது முழுக்க மகன்தான். இது பரவாயில்லையா?

விலையை மகன் பேசட்டும், தப்பில்லை. ஆனால் விற்கிற முடிவை அப்பா வாயால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மகன் பக்கத்தில் இல்லாமல் ஒரு அரை மணி நேரம் போதும். "ஐயா, இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு எங்கே இருக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. "பையன் ஏதோ சொல்றான், எனக்குத் தெரியாது" என்று வந்தால் அன்று அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பணமும் பத்திரத்தில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். "என் கணக்கிலேயே போட்டுடுங்க, அப்பாவுக்கு பேங்க் போக முடியாது" என்று மகன் சொன்னால், அதற்கு எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. நாளைக்கு மகளோ இன்னொரு மகனோ வழக்குப் போட்டால், நீங்கள் காட்டப்போகும் முதல் சாட்சியே அந்த வங்கிப் பரிமாற்றம்தான்.

கையெழுத்துப் போட வயது வரம்பு ஏதாவது உண்டா? 85 வயதுக்காரர் எழுதிக் கொடுத்தால் செல்லுமா?

வயது வரம்பு கிடையாது. 95 வயதுக்காரர் எழுதிக் கொடுத்தாலும் செல்லும், கைநாட்டு வைத்தாலும் செல்லும். அந்த நேரத்தில் அவருக்குப் புத்தி தெளிவாக இருந்ததா, யாரும் நெருக்கி எழுதி வாங்கவில்லையா என்ற இரண்டைத்தான் சட்டம் பார்க்கிறது.

எல்லாப் பத்திரத்திலும் "நல்ல புத்தி சுவாதீனத்துடனும் பிறர் தூண்டுதலின்றியும்" என்று எழுதியிருப்பார்கள். அந்த வரி இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகிவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, வயதாலோ நோயாலோ மனத்திடம் குறைந்தவரோடு செய்யும் ஒப்பந்தத்தைத் தனிக் கண்ணோடு பார்க்கிறது. எழுதி வாங்கியவர் அவரை ஆட்டிவைக்கிற நிலையில் இருந்து, பேரமும் அநியாயமாகத் தெரிந்தால், நெருக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுதி வாங்கியவர் தலையில் விழும். அதாவது உங்கள் தலையில்.

அதனால் ஆதாரத்தை அன்றைக்கே சேர்த்து வைப்பது நல்லது. பத்திரப் பதிவுக்கு ஒட்டிய நாளில், அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமிருந்து ஒரு சான்று. வரைவுப் பத்திரத்தை ஒரு வாரம் முன்னாலேயே தமிழில் கொடுத்துப் படிக்க வைப்பது. கண் தெரியாவிட்டால் படித்துக் காட்டி, படித்துக் காட்டியதைப் பத்திரத்திலேயே எழுதுவது. அவருக்கென்று தனி வக்கீல் இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கட்டணத்தை நீங்கள் கொடுப்பதாக இருந்தாலும் வக்கீலை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சாட்சிகள் உங்கள் ஆட்களாக இல்லாமல், அவர் பக்கத்து உறவினராக இருக்கட்டும். வீடியோ எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. ஆனால் நாலு பேர் சூழ்ந்து நின்று "சொல்லுங்க தாத்தா, சம்மதம்தானே?" என்று கேட்கும் வீடியோ உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

மறதி நோய் தொடங்கிவிட்டது. ஆனால் நல்லா இருந்தபோதே மகளுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பவரை வைத்து வாங்கலாமா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். பவர் என்பது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் புத்தி சுவாதீனம் இழந்தாலும் முடிந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சில நாடுகளில் நினைவு போன பிறகும் தொடர்கிற மாதிரி பவர் எழுத முடியும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை.

ஆகவே மறதி முற்றிய நிலையில் பழைய பவரை வைத்து எழுதும் கிரையம் பெரிய ஆபத்து. குடும்பத்தார் நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனமும், விற்பதற்கான அனுமதியும் வாங்கி வந்தால் மட்டும் பேசலாம். மாதக்கணக்கில் ஆகும். காத்திருக்க முடியாவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

லேசான மறதி என்றால் கதை வேறு. காலையில் தெளிவாக இருப்பவர் சாயங்காலம் குழம்பலாம். எழுதும் நேரத்தில் தெளிவு இருந்தால் சட்டப்படி செல்லும். ஆனால் அதை நிரூபிப்பது மருத்துவரின் கையில் இருக்கிறது. பொது மருத்துவர் சான்று போதாது, நரம்பியல் அல்லது மனநல மருத்துவர் பரிசோதித்து எழுதியது வேண்டும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. கிரையம் எழுதாமல் பவரை மட்டும் வாங்கிக்கொண்டு "வீடு என்னுடையது" என்று இருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பவர் மூலம் உரிமை மாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அவரால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர முடியாது. படுத்த படுக்கை.

சார்பதிவாளரே வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வந்து பதிவு செய்யலாம். பதிவுச் சட்டத்தில் 31, 38 பிரிவுகள் இதற்கு இடம் தருகின்றன. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்துத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். வந்து பார்க்கும்போது அவர் சுயநினைவில் இல்லை என்று தோன்றினால் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரமும் சார்பதிவாளருக்கு உண்டு. ஆம்புலன்சில் அழைத்து வந்து அலுவலக வாசலில் கைரேகை வாங்குவதை விட இது எவ்வளவோ மேல்.

வீடு அம்மா பெயரில். பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமா?

அம்மா தன் பணத்தில் வாங்கியதாகவோ, அவருக்கு உயில் அல்லது செட்டில்மென்ட் (விலை வாங்காமல் குடும்பத்துக்குள் எழுதிக் கொடுப்பது) மூலம் முழு உரிமையோடு வந்ததாகவோ இருந்தால் சட்டப்படி அவர் கையெழுத்து மட்டும் போதும். பிள்ளைகளைச் சாட்சியாகப் போடச் சொல்வது ஒரு பாதுகாப்பு, கட்டாயம் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், "அம்மா பெயரில்" என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறு கதை இருக்கும். அப்பா பெயரில் பத்திரம், அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார், பட்டாவை மட்டும் அம்மா பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இந்தப் பாட்டியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அவர் பிறகு இறந்திருந்தால், அவர் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும்; அதாவது அத்தை, சித்தப்பா எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். வாரிசுச் சான்றில் தாயார் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகள்களின் பங்கைத் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-இலிருந்தே, அதுவரை திருமணமாகாத மகள்களுக்குச் சம உரிமை வந்துவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, அவளுக்குப் பங்கு இல்லை" என்பது வீட்டுக்குள் பேசிக்கொள்ளலாம், நீதிமன்றத்தில் எடுபடாது. பங்கை விட்டுக்கொடுப்பதாக மகள்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி, பதிவு செய்து வாங்குங்கள்.

அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பங்காளி அங்கிருந்து பவர் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அப்புறம், அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு நீங்கள் பிடிக்க வேண்டிய வரி உள்ளூர்க்காரருக்குப் பிடிக்கும் 1 சதவீதம் அல்ல, நிறைய அதிகம். பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்பா மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது மகன் எனக்கு விற்கிறார். பத்திரம், பட்டா எல்லாம் மகன் பெயரில் சுத்தமாக இருக்கிறது. வாங்கலாம்தானே?

அப்பா இப்போது எங்கே இருக்கிறார்? முதலில் அதைக் கேளுங்கள்.

2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு இப்படிச் சொல்கிறது: இச்சட்டம் வந்த பிறகு, தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ நெருக்கடியாலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும். பெரியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதை ரத்து செய்யலாம். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. மேல்முறையீடு கலெக்டரிடம். வருடக்கணக்கில் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

நிபந்தனை பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. 2022 டிசம்பரில் சுதேஷ் சிகாரா வழக்கில், நிபந்தனை இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது பெரியவர்களின் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தாலே கவனிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது என்று இன்னும் ஒரு படி மேலே போனது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிகிறதல்லவா?

காசு கொடுத்து, பின்னணி எதுவும் தெரியாமல், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பிரிவே பராமரிப்பு உரிமை பற்றிப் பேசும் இடத்தில் அதைச் சொல்கிறது. ஆனால் அப்பா அதே வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. எனவே செட்டில்மென்ட் மூலம் வந்த சொத்து என்றால், எழுதிக் கொடுத்த பெரியவர் உயிரோடு இருக்கும்வரை அவரையும் கிரையப் பத்திரத்தில் சம்மதம் தெரிவிப்பவராகச் சேர்த்து, முடிந்தால் கிரையத் தொகையில் ஒரு பகுதியை அவர் கணக்குக்கே போட ஏற்பாடு செய்யுங்கள். மகன் இதற்கு ஒத்துவராவிட்டால் வாங்க வேண்டாம். ஏன் ஒத்துவரவில்லை என்று ஆராய வேண்டியதும் இல்லை.

"இப்போ விற்க வேண்டாம், உனக்கு உயில் எழுதி வைக்கிறேன், மாதம் பணம் கொடு" என்கிறார் ஒரு தாத்தா.

வேண்டாம். உயில் அவர் இறந்த பிறகுதான் உயிர் பெறும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். பதிவு செய்த உயில்கூட, சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது. பத்து வருஷம் பணம் கொடுத்த பிறகு, வேறொருவர் வேறொரு உயிலைக் காட்டினால் நீங்கள் கையில் ரசீதோடு நிற்பீர்கள்.

விற்ற பிறகும் கடைசிவரை அதே வீட்டில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி வாங்க முடியுமா?

முடியும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கிரையப் பத்திரத்திலேயே ஆயுட்கால அனுபவ உரிமையை அவர்களுக்கு ஒதுக்கி எழுதுவது. கணவன், மனைவி இருவர் பெயரையும் குறிப்பிட்டு, கடைசியாக இருப்பவர் காலம்வரை என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் கணவர் போன மறுமாதம் அந்த அம்மா என்ன ஆவார்கள் என்ற கேள்வி வரும். சொத்து வரி, பழுதுபார்ப்பு யார் செலவு, மாடியை வாடகைக்கு விடலாமா, முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டால் உரிமை என்ன ஆகும் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். மற்றொன்று, முழுக் கிரையம் எழுதிக்கொண்டு அவர்களுக்கே வாடகை ஒப்பந்தம் போடுவது. இது உங்களுக்குச் சுலபம், அவர்களுக்குப் பாதுகாப்பு குறைவு. கேட்பது வீட்டின் மீதான நிம்மதி என்றால் முதல் வழிதான் நேர்மையானது. விலை அதற்கேற்பக் குறையும், நீங்கள் காத்திருக்கும் காலமும் விலைதான்.

எவ்வளவு காத்திருக்க நேரும் என்பதற்கு பிரான்சில் ஒரு கதை உண்டு. ஆர்ல் நகரில் 1965-இல் ஒரு வக்கீல், 90 வயதான ழான் கல்மான் என்ற பெண்மணியோடு இப்படித்தான் ஒப்பந்தம் போட்டார்: மாதம் 2,500 பிராங்க் கொடுப்பது, அவர் காலத்துக்குப் பிறகு வீடு வக்கீலுக்கு. வக்கீல் 30 வருஷம் கொடுத்துவிட்டு, 77 வயதில் 1995-இல் அவரே போய்ச் சேர்ந்தார். அந்த அம்மாள் 1997-இல் 122 வயதில் இறக்கும்வரை வக்கீலின் மனைவி தொடர்ந்து பணம் கட்டினார். ஆக, "எண்பது ஆச்சு, இன்னும் எத்தனை நாள்" என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். அந்தக் கணக்கு கேவலமானது. அதைவிட முக்கியமாக, அது பலிப்பதில்லை.

வீட்டை விற்கவே வேண்டாம், மாதச் செலவுக்குப் பணம் மட்டும் வேண்டும் என்பவர்களிடம் வங்கிகளின் தலைகீழ் அடமானக் கடனைப் பற்றியும் சொல்லுங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2007-இல் வந்த திட்டம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு பேரம் உங்கள் கையை விட்டுப் போகலாம். போகட்டும்.

வயதானவர் என்பதால் விலை குறைவாகவே கேட்கிறார். லாபம்தானே?

ஓரளவுக்கு மேல் லாபம் இல்லை. கிரையத் தொகையை விட அரசு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு குறித்திருக்கும் விலை) 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். விற்றவருக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்தே மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்தின் மீதான வரி) போடுவார்கள். முத்திரைத் தீர்வையும் (7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்) அதன் மீதுதான்.

தவிர, சந்தை விலையில் பாதிக்கு எழுதி வாங்கிய பத்திரம்தான் மேலே சொன்ன "அநியாய பேரம்" என்ற வாதத்துக்கு முதல் ஆதாரம். அவர் 1990-இல் கேட்ட விலையை மனதில் வைத்திருப்பார். தெருவில் சமீபத்தில் பதிவான இரண்டு கிரையங்களை அவருக்குக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

பாதியை ரொக்கமாகக் கேட்கிறார்கள்.

அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் ரொக்கமாக வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரும், அதுவும் பணத்தைக் கையில் வாங்கிய விற்பவர் மீது. பெரியவருக்கு இதைச் சொன்னாலே பெரும்பாலும் ரொக்கப் பேச்சு நின்றுவிடும்.

பல நேரம் அவர்கள் ரொக்கம் கேட்பதே வரிக்குப் பயந்துதான். அந்தப் பயம் பாதிக்கு மேல் தேவையற்றது. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடு என்றால், அன்றைய நியாயமான மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். வேறு வீடு வாங்கினாலோ, ஆறு மாதத்துக்குள் 50 லட்சம்வரை அரசு அனுமதித்த கடன் பத்திரங்களில் போட்டாலோ விலக்கு உண்டு. ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும், வெள்ளையிலேயே முடித்துக்கொள்வார்கள். கிரையத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியது உங்கள் வேலை. பிடித்தத்தை அவர்கள் பிறகு கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்திரப் பதிவு நாளன்று "ஏன் ஒரு லட்சம் குறையுது?" என்று சண்டை வரும்.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு அவர் இறந்துவிட்டால்?

ஒப்பந்தம் வாரிசுகளையும் கட்டும். அவர்கள் எழுதித் தர மறுத்தால் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வைத்திருங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தப் பதிவு கட்டாயம். வெற்றுப் பத்திரத்தாளில் எழுதிக்கொண்ட அட்வான்ஸ் ரசீது, துக்க வீட்டில் போய்க் காட்டுவதற்கு உதவும் பொருள் அல்ல. காலக்கெடுவைச் சுருக்கமாக வையுங்கள். இந்த வயதுக்காரர்களோடு பதினொரு மாத ஒப்பந்தம் போடுவதில் அர்த்தமில்லை.

வீட்டில் 40 வருஷமாக ஒரு வயதான தம்பதி வாடகைக்கு இருக்கிறார்கள். 900 ரூபாய்தான் வாடகை. வாங்கினால் அவர்கள் உரிமை கொண்டாடுவார்களா?

எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைக்காரர் வாடகைக்காரர்தான். அனுமதியோடு குடியிருப்பவருக்கு அனுபவப் பாத்தியதை (நெடுங்காலம் அனுபவித்ததால் வரும் உரிமை) வராது. வீடு கைமாறியதும் நீங்கள் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறீர்கள், வாடகை உங்களுக்கு வர வேண்டும். அதே சமயம், குடியிருப்பவருக்கு என்னென்ன உரிமை உண்டோ அவையெல்லாம் வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சட்டம் கருதும். எனவே விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் குடியிருப்பவரிடமே நேரில் கேட்க வேண்டும்: எப்போது வந்தீர்கள், யார் பெயரில், அட்வான்ஸ் எவ்வளவு, கடைசியாக எந்த மாத வாடகை கொடுத்தீர்கள். அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். காலி செய்ய வைப்பது வாடகை நீதிமன்றம் மூலம் மட்டும். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. 75 வயதுக்காரர் வீட்டில் அதைச் செய்தால் தெருவே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

ஒத்திக்கு இருக்கிறார்கள் என்றால்?

கவனம். ஒத்தி, போக்கியம், சென்னையில் "லீஸ்" என்பார்கள். மொத்தமாக ஐந்து, பத்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. பெரும்பாலும் பதிவு செய்திருக்க மாட்டார்கள், வில்லங்கத்தில் தெரியாது. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் ஒரு பெரியவர் இப்படிப் போட்டு வைத்திருக்கலாம். விற்பவரோ அதை எப்போதோ செலவு செய்திருப்பார். கிரையத் தொகையிலிருந்து ஒத்தித் தொகையை நேராகக் குடியிருப்பவர் கணக்குக்கு, அவர் சாவியைக் கொடுக்கும் நாளில், போடுகிற மாதிரி முத்தரப்பு ஒப்பந்தம் எழுதுங்கள்.

மனை ஒருவருடையது, அதன் மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர் வேறொருவர். விலை மலிவாக இருக்கிறது.

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. இதற்கு அடிமனை என்று பெயர். தாத்தா காலத்தில் அடிமனை வாடகைக்கு எடுத்து, சொந்தச் செலவில் வீடு கட்டியிருப்பார்கள். 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளியேற்ற வழக்குப் போட்டால் அந்த மனையைத் தனக்கே விற்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமை வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு இருக்கலாம். எல்லா ஊருக்கும் எல்லாக் குத்தகைக்கும் பொருந்தாது, கோயில் நிலத்துக்கு விலக்கு உண்டு. குத்தகை தொடங்கிய ஆண்டைப் பார்க்காமல் தொடாதீர்கள். சில நேரம் நல்ல பேரம், அந்த மனையை அந்தக் குடியிருப்பவருக்கே நீங்கள் விற்பதுதான்.

சரி, வயதான வாடகைக்காரரை முறையாகக் காலி செய்யச் சொல்வது எப்படி?

பெரியவர்கள் அடம் பிடிக்கிறார்கள் என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் பயப்படுவது வீட்டை விடுவதற்கு அல்ல, அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாடுகளை விடுவதற்கு. பால்காரர், மருந்துக்கடையில் கணக்கு, நடந்து போகிற தூரத்தில் கோயில், பென்ஷன் வரும் வங்கிக் கிளை, ரேஷன் கடை. இவற்றுக்குப் பதில் சொல்லாமல் காலி செய்யப் பணம் தருகிறேன் என்றால் தொகை ஏறிக்கொண்டே போகும்.

அதே தெருவில் அல்லது அடுத்த தெருவில், தரைத்தளத்தில், மேல்நாட்டுக் கழிப்பறையோடு ஒரு வீட்டை நீங்களே தேடிக் கொடுங்கள். புது வீட்டு அட்வான்சை நீங்கள் கட்டுங்கள். ஒரு வருஷத்துக்கு வாடகை வித்தியாசத்தையும் சேர்த்துக் கொடுப்பது, வக்கீல் செலவையும் மூன்று வருஷ வட்டியையும் விடக் குறைவாகத்தான் வரும். ரேஷன் அட்டை, கேஸ், ஆதார் முகவரி மாற்றத்துக்கு ஒரு ஆளைக் கூட அனுப்புங்கள். அந்த அம்மா முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வாங்குகிறவராக இருந்தால், முகவரி மாற்றத்தில் அது நின்றுபோய்விடாமல் பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை உங்களுக்குச் சின்னது.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறச் சொல்லாதீர்கள். மாற மாட்டார்கள், தை பிறக்கட்டும் என்பார்கள், அதற்குள் மனசு மாறிவிடும். பேசி முடித்ததை எழுத்தில் வைத்து, பணத்தில் பாதியை முன்னால், மீதியைச் சாவி வாங்கும்போது கொடுங்கள்.

வாங்கிய வீட்டைப் பெரியவர்களுக்கு வாடகைக்கு விடலாமா? பலரும் வேண்டாம் என்கிறார்கள்.

தாராளமாக விடலாம். மாதம் பிறந்ததும் வாடகை வரும், அடிக்கடி காலி செய்ய மாட்டார்கள், குழாய் ஒழுகினால் அன்றே சொல்வார்கள். "வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால்" என்று பயந்து மறுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை. முப்பது வயதுக்காரருக்கும் ஆகலாம்.

ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டு விஷயத்தைச் சேருங்கள். அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேரின் எண்கள். அட்வான்ஸ் யாரிடம் திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற பெயர். தனியாக இருந்தவர் இறந்துவிட்டால் பூட்டை நீங்களாகத் திறக்காதீர்கள். உறவினரையும் காவல் நிலையத்தையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் திறந்து, பொருட்களைப் பட்டியல் எழுதி ஒப்படையுங்கள். குளியலறையில் கைப்பிடி போட்டுக் கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு மாத வாடகைகூட வராது.

பழைய அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கி, இடித்துக் கட்டும்போது லாபம் பார்க்கலாமா? ஒரு வயதானவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாராம்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். முன்பு ஒருவர் மறுத்தாலே நின்றுவிடும். ஆனாலும் அவர் ஏன் மறுக்கிறார் என்று போய்க் கேட்டுப் பாருங்கள். கட்டி முடிக்க மூன்று வருஷம், அதுவரை எங்கே இருப்பது, அந்த வாடகையை பில்டர் நிறுத்திவிட்டால் யாரைக் கேட்பது என்பதுதான் அவர் கவலையாக இருக்கும். அந்தக் கேள்விகள் உங்களுக்கும் பொருந்தும். இடைக்கால வாடகைக்கு வங்கி உத்தரவாதம் கேட்கிற முதியவர் ஒருவர் கட்டடத்தில் இருந்தால், முதலீட்டாளராக நீங்கள் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும்.

புரோக்கர் கமிஷன் யார் தருவது?

வழக்கமாக இரண்டு பக்கமும். இடத்துக்கு இடம் மாறும், 1 அல்லது 2 சதவீதம். பெரியவரிடம் ஒரு விலையும் உங்களிடம் வேறு விலையும் சொல்லி நடுவில் எடுக்கிற புரோக்கர்களும் உண்டு. கிரையத் தொகையை மூன்று பேரும் ஒரே மேசையில் இருக்கும்போது ஒருமுறை உரக்கச் சொல்லிவிடுங்கள். பெரியவருக்குக் காது மந்தமாக இருந்தால் தாளில் எழுதிக் காட்டுங்கள்.